சிவப்பு மணி பதித்த வாசல்

ஏப்ரல் 6, சனி

படப் புத்தகமும் பசைக் குப்பியும் எனக்கு ராசியில்லை போலிருக்கிறது.

அன்னிகாவின் மகள் இல்வா நேற்று மாலை வந்தாள். ஒரு வாரம் அவள் அப்பா ஹென்னிங் வீட்டில், மறு வாரம் இங்கே. ஜனவரியில் நானும் அன்னிகாவும் ஒன்றாகக் குடிவந்ததிலிருந்து இப்படித்தான். இத்தனை முறை வந்தும் அவள் தன் பையைப் பிரித்ததே இல்லை. அது வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்திலேயே நிற்கும். உடுப்பு வேண்டுமென்றால் வந்து ஒன்றை உருவிக்கொண்டு போவாள். ரயிலுக்குக் காத்திருக்கிறவளைப் போல.

நூலகத்திலிருந்து நீந்தக் கற்ற பசுவின் கதையை எடுத்து வந்திருந்தேன். வாசித்து முடித்ததும் பைன் காயில் நான்கு குச்சி செருகி, பசையால் ஒட்டிப் பசு செய்து கொடுத்தேன். இந்த ஊரில் பைன் காய்ப் பசு செய்யாத குழந்தை உண்டா?

"இது பசு இல்ல. காய்."

"கால் இருக்கே."

"குச்சி."

எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தட்டினேன். மறுபடியும் தட்டினேன். அன்னிகா வந்து என் கையைப் பிடித்தாள். "அந்தக் கதவு என்ன பாவம் பண்ணுச்சு தோர்கெல், விடு."

ஏப்ரல் 11

நாளை போகிறாள். பசு ஜன்னலோரம் தனியாக நிற்கிறது.

ஏப்ரல் 20, சனி

இன்று கண்டதை எப்படி எழுதுவது?

படகில் போகும் எலியின் கதை. அதற்கு ஜோடியாக மரப்பட்டையில் ஒரு படகு செதுக்கினேன். பின்னாலிருக்கும் ஓடையில் விட்டோம். போன வேகத்தில் கல்லில் சிக்கிக்கொண்டது. அதை எடுக்க இல்வா குப்புறப் படுத்தவள், படுத்தபடியே இருந்தாள்.

"குச்சி நடக்குது."

"தண்ணி இழுத்துட்டுப் போகும்."

"எதிர்ப்பக்கமா போகுது."

நானும் படுத்தேன். சட்டையெல்லாம் சேறு. மணலும் இலைத்துணுக்கும் ஒட்டிச் செய்த சின்னக் குழாய் ஒன்று, ஓடையை எதிர்த்து ஊர்ந்தது. முன்பக்கம் ஒரு தலை, ஆறு கால். தன்னைச் சுற்றித் தானே கூடு கட்டிக்கொள்ளும் வீட்டுப்புழு. பள்ளியில் பெயர் படித்திருக்கிறேன், குனிந்து பார்த்ததில்லை. நான் குழாய் வேலைக்காரன். அந்த இணைப்புகளைப் பார்த்ததும் மூக்குத் தண்ணீரில் படும்வரை நெருங்கிவிட்டேன். தண்ணீருக்குள்ளேயே ஒட்டுகிறது, அதுவும் தன் வாயிலிருந்து வரும் நூலால். யார் சொல்லிக் கொடுத்தார்கள் இதற்கு?

ஓடைத் தண்ணீரோடு பேக்கிங் தட்டில் கொண்டுவந்தோம். "இனிமே அதுல கேக் சுட்டாப்லதான்," என்றாள் அன்னிகா.

ஏப்ரல் 24

நேற்று இல்வாவின் கையிலிருந்த மணிச்சரம் அறுந்து, பொடிச் சிவப்பு மணிகள் தட்டுக்குள் விழுந்தன. எடுக்கப் போன என் கையைப் பிடித்தாள். அவளாக என்னைத் தொட்டது இதுவே முதல் தடவை. "விடு. என்ன பண்றான்னு பாப்போம்."

இன்று காலை அந்தப் புழுவின் வீட்டு வாசலில் மூன்று மணிகள். வரிசையாக, இடைவெளியில்லாமல். இருவரும் பள்ளிக்கும் வேலைக்கும் தாமதம்.

ஏப்ரல் 26

போகும்போது கேட்டாள்: "நான் வர்ற வரைக்கும் சாகாம பாத்துக்குவியா?"

"பாத்துக்கறேன்."

"சத்தியமா?"

சத்தியம் பண்ணிவிட்டேன். புழுவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இது செத்தால் அவளுக்கு நான் சொல்லும் எதுவும் இனி எடுபடாது.

ஏப்ரல் 30

தினமும் ஓடைக்குப் போய்த் தண்ணீர் மாற்றுகிறேன், அழுகிய இலை போடுகிறேன். எதிர்வீட்டு ஸ்டூரே வேலியோரம் நின்று, "ஊருக்கெல்லாம் குழாய் போடறவன் வீட்ல வாளித் தண்ணியா?" என்கிறான். சிரிக்கட்டும்.

மே 4

வந்ததும் அம்மாவைக் கூடப் பார்க்காமல் தட்டுக்கு ஓடினாள். பாதி வீடு சிவப்பு.

இவனைப் பற்றிய புத்தகம் நூலகத்தில் இல்லை. "அப்ப நாமளே செய்வோம்," என்று தாள்களை மடித்துத் தைக்கச் சொன்னாள். அவள் வரைய, நான் மணலும் இலையும் ஒட்டினேன். வரைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "பழைய வீட்ட அவன் தூக்கிப் போடல. முன்னாடி சேத்துக் கட்டிக்கறான்."

வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். வாளி நிறையத்தான் இருந்தது.

மே 14

கல்லோடு கல்லாக ஒட்டிக்கிடக்கிறான். வாசலைப் பொடிக்கற்களால் அடைத்துக்கொண்டிருக்கிறான். அசைவே இல்லை. என் தண்ணீரா? வெயிலா? — கடவுளே, சத்தியம் பண்ணித் தொலைச்சேனே. வெள்ளிக்கிழமை அவ வந்து நிப்பா. ஓடையில வேற ஒண்ணு பிடிச்சு வச்சிடலாமா? சீ. மணி இல்லாத வீட்டை அவள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடிக்காவிட்டாலும், எனக்குத் தெரியுமே.

மே 17

சொல்லிவிட்டேன். தட்டின் மேல் குனிந்து பார்த்தாள்.

"சாகல. கதவச் சாத்திட்டு உள்ள இருக்கான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் இருப்பேன்ல, அப்படித்தான்." ஒரு குச்சியை எடுத்துத் தண்ணீரில் சாய்த்து வைத்தாள், வெளியே வந்தால் ஏறுவதற்கு. "நீ போய்த் தட்டாத, என்ன?"

தட்டவில்லை. தட்டையும் சரி, அவள் கதவையும் சரி. இந்த வாரம் முழுக்கத் தட்டப்போவதும் இல்லை.

ஜூன் 2, ஞாயிறு

இரவுச் சாப்பாடு முடிந்தும் வெளிச்சம் போகவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, "வரான்" என்றாள் இல்வா, மெதுவாக.

பழுப்பாக ஏதோ ஒன்று குச்சியில் ஏறி நின்றது. முதுகு பிளந்தது. உள்ளிருந்து இன்னொருவன் வந்தான், நனைந்த சிறகோடு. தண்ணீருக்கடியில் மணல் ஒட்டிக்கொண்டு கிடந்தவனுக்குள் சிறகு எங்கே இருந்தது? மூவரும் மூச்சுவிடவும் பயந்தோம். சிறகு காய்ந்ததும் ஓடையோர ஆல்டர் மரத்துப் பக்கம் பறந்து போனான். இல்வா அழவில்லை. நான்தான் அழுதேன்.

தட்டின் அடியில் காலி வீடு, சிவப்பு வாசலோடு. "அப்பா வீட்டுக்கு எடுத்துட்டுப் போறியா?" என்றேன்.

ஜன்னலோரம் நின்ற பைன் காய்ப் பசுவை எடுத்தாள். "அப்பாவுக்குப் பசு குடுக்கறேன். இது இங்கயே இருக்கட்டும்."

ஜூன் 4

காலையில் எங்கள் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். இரண்டு தடவை.

இல்வா. ஒரு கையில் தைத்த புத்தகம், மறு கையில் பசைக் குப்பி. "கடைசிப் பக்கம் பாக்கி இருக்கு. நான் படிக்கறேன், நீ ஒட்டு."

அவளோடு இலை பொறுக்க வெளியே போனபோது வாசலில் செருப்புகள் மட்டும் இருந்தன. பை எங்கே என்று நான் கேட்கவில்லை.