அம்மாவின் பொடியில் தெரிந்த புள்ளி

பட்டாபிராம்,
பிப்ரவரி 15

அன்பு மகள் ஆஷ்லிக்கு உன் நைனா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறோம். இதை நலம் என்று சொல்லலாமா என்பதை முழுவதும் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். எங்களுக்கு முன்னால் விடிந்துவிடுகிற அந்த நியூசிலாந்தில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் முகத்தைப் பார்த்தால் நான் பாதியை விழுங்கிவிடுவேன் கண்ணு, அதனால்தான் ஞாயிறு பூசை முடிந்து வரும்போதே பேப்பர் வாங்கிவந்து உட்கார்ந்திருக்கிறேன். நம் தெரு முனையில் காலியாகக் கிடந்த மனையிலும் இப்போது நாலு மாடி எழும்பிவிட்டது, சைடிங் ஸ்டேஷன் பக்கம் போகும் ரயில் இனி மாடியிலிருந்து தெரியாது, சத்தம் மட்டும் வரும். என் வேலை அப்படியேதான் போகிறது. காலை ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால் அரைத் தூக்கத்தில் ஆவடி, அம்பத்தூர் எல்லாம் கடந்துபோகும், பட்டரவாக்கத்தில் உடம்பு தானாக எழுந்து இறங்கிவிடும்.

என் லேபில் நான் என்ன செய்கிறேன் என்று நீ சின்ன வயதில் கேட்டபோதெல்லாம் பாட்டில் கழுவுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அது பாதி உண்மை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருக்கும் அந்தச் சின்ன லேபுக்கு மூலிகைப் பொடி, லேகியம், தைலம், மாத்திரை என்று சோதனைக்கு வரும். பொடியை ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றை ஊசி போன்ற கண்ணாடிக் குழாயில் எடுத்து, வெள்ளைப் பூச்சுப் பூசிய பிளேட்டின் அடியில் வரிசையாகப் பொட்டு வைப்பேன். பிறகு கண்ணாடித் தொட்டியில் பொட்டைத் தொடாத அளவுக்குச் சால்வென்ட் என்கிற கரைப்பானை ஊற்றி அதில் பிளேட்டை நிறுத்தி மூடிவிட்டால், அது தானாக மேலே ஏறும். ஏறும்போது பொட்டில் இருப்பதையெல்லாம் கூடவே இழுத்துக்கொண்டு போகும், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு உயரத்தில் விட்டுவிடும். அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியும் எனக்கு வேறு உலகம் கண்ணு. ஈரம் ஏறுவது கண்ணுக்குத் தெரியாது, பார்த்துக்கொண்டே இருந்தால் ஏறாது போலிருக்கும், ஜன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு விரல்கடை ஏறியிருக்கும். காயவைத்து இருட்டுப் பெட்டிக்குள் யு.வி. விளக்கின் கீழ் வைத்தால், வெறும் பச்சைக் கறையாக இருந்தது ரத்தச் சிவப்பாகவும் நீலமாகவும் மஞ்சளாகவும் எரியும். இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அந்தப் பெட்டிக்குள் குனிந்தால் நிமிர மனம் வருவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மாவின் முட்டி வலி உனக்குத் தெரியும், ஸ்டேஷன் படி ஏறமுடியாமல் மூன்று வருடமாக எங்கேயும் போகாமல் இருந்தாள். போன ஆகஸ்டில் வெள்ளானூரில் மதுரைவீரன் என்பவர் ஒரு மூலிகைப் பொடி கொடுக்கிறார் என்று யாரோ சொல்ல, அவர்கள் மூலமாகவே வரவழைத்தாள். பத்தே நாளில் வலி போய்விட்டது. நான் பொய் சொல்லவில்லை ஆஷ்லி, படியில் என்னை முந்திக்கொண்டு ஏறினாள், மாடியில் துணி காயவைத்துக்கொண்டே பாட்டுப் பாடினாள், பசி எடுக்கிறது என்று மூன்று இட்லிக்கு ஐந்து இட்லி சாப்பிட்டாள். கன்னம் பூரித்து முகம் உருண்டையானது. நீ கூட வீடியோவில் பார்த்துவிட்டு அம்மா அழகா ஆயிட்டே என்று சொன்னாயே, அன்றைக்கெல்லாம் அவள் கண்ணாடி முன்னால்தான். டிசம்பர் வந்ததும், வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போகிற கேரல் ரவுண்டுக்குப் பேர் கொடுத்தாள். உருண்டை முகமும் கையில் தானாக வந்த நீலத் திட்டுகளும் எனக்கு எதையும் சொல்லவில்லை. அவள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை, பிளேட்டில் இரண்டு இடம் மிச்சம் இருந்தது. சத்தியமாகச் சந்தேகத்தில் செய்யவில்லை. இவ்வளவு நல்லது செய்த பொடியில் என்னென்ன மூலிகை இருக்கிறது, அது என்ன நிறத்தில் எரியும் என்று பார்க்க ஆசை. சட்டைப் பையில் கொஞ்சம் மடித்து எடுத்துப்போயிருந்தேன், எங்கள் லேப் தலைவர் சித்ரா மேடத்திடம் கேட்டுவிட்டுப் பொட்டு வைத்தேன். வலிப் பொடிகளில் இங்கிலீஷ் மருந்து கலந்திருக்கிறதா என்று பார்க்க அன்றைய பிளேட்டின் ஓரத்தில் ஸ்டீராய்டு மருந்தையும் பொட்டு வைத்திருந்தோம், அது வழக்கம். அதைப் பார்ப்பதற்கு என்று இருக்கும் வேறு விளக்கைப் போட்டதும் பச்சையாக ஒளிர்ந்த பிளேட்டில், ஓரத்தில் இருந்த ஸ்டீராய்டு கரும்புள்ளியாகத் தெரிந்தது. அதே உயரத்தில், அதே கருமையில், அம்மாவின் பொடியிலும் ஒரு புள்ளி. சுக்கும் முடக்கத்தானும் கீழே மங்கலாக எங்கேயோ கிடந்தன. உயரம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது ராயப்பன், வேறு சால்வென்டில் ஓட்டுங்க என்றார் மேடம். ஓட்டினேன். அதிலும் இரண்டும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே நின்றன. அது எங்கள் வீட்டுப் பொடி என்று அப்போதுதான் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, இன்னிக்கே வீட்ல சொல்லுங்க, ஆனா டாக்டரைப் பார்க்காம திடீர்னு நிறுத்தவிடாதீங்க என்றார்.

நான் சொல்லவில்லை, ஆஷ்லி. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். அன்று வீட்டுக்கு வந்தால் அம்மா சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு கேரலுக்குக் கிளம்பி நிற்கிறாள். இன்னாய்யா இன்னிக்கு லேட்டு, வா, நீயும் வந்தினா பின்னாடி நின்னுகினு கைத்தட்டலாம் என்று கையைப் பிடித்து இழுத்தாள். போனேன். தெருத்தெருவாக அவள் முன்னால் நடக்க, நான் பின்னால் நடந்தேன். டிசம்பர் பனியில் வீட்டு வாசல்களில் தொங்கிய நட்சத்திர விளக்குகள் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தன, அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். வீட்ல சொல்லியாச்சா என்று மேடம் கேட்டபோது சொல்லிட்டேன் என்று பொய் சொன்னேன். ஒவ்வொரு காலையும் அவள் அந்தப் பொடியை வெந்நீரில் கலக்குவதைப் பார்த்துக்கொண்டே பேண்ட் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். அப்படிப் பன்னிரண்டு நாள்.

கிறிஸ்துமஸ் அன்று எதிர்வீட்டு நாகம்மாளுக்குக் கேக்கும் பிரியாணியும் எடுத்துப்போனவள், கூடவே ஒரு பொட்டலம் பொடியும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள், அந்த அம்மாவுக்கும் முட்டி வலியாம். திரும்பிவந்து சந்தோஷமாகச் சொன்னாள். நாகம்மாளுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று நம் தெருவுக்கே தெரியும், இந்த மருந்து சர்க்கரையை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்திவிடும். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை, பொடியில் இருப்பதைச் சொல்லிவிட்டேன். எப்போது கண்டுபிடித்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அம்மா உடனே எழுந்தாள். நேரே எதிர்வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தைத் திரும்ப வாங்கி, நல்லவேளை நாகம்மாள் அதைப் பிரிக்கவே இல்லை, நம் வீட்டு டப்பாவோடு சேர்த்துச் சாக்கடையில் கொட்டினாள். மேடம் சொன்னதில் முதல் பாதியைப் பன்னிரண்டு நாள் கழித்துச் செய்தேன், திடீரென்று நிறுத்தக்கூடாது என்ற இரண்டாவது பாதி எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிறு பூசைக்குக் கிளம்பியவள் மாதா கோயில் வாசலில் சரிந்து விழுந்தாள். அதற்கு முன் இரண்டு நாளாக வாந்தியும் அசதியும் இருந்தது, பண்டிகைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று இஞ்சிச்சாறு கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆட்டோவில் ஆவடி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும்போது அவள் கை என் மடியில் ஈரத் துணி மாதிரி கிடந்தது. பிரஷர் ரொம்பக் குறைந்துபோயிருந்தது. நான் பொடியைப் பற்றிச் சொன்னதும் டாக்டரம்மா உடனே ஊசி போட்டார். உருண்டை முகமும் நீலத் திட்டும் அந்த ஸ்டீராய்டின் வேலையாம். அது வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் உடம்பு தானாகச் சுரக்கவேண்டியதை மறந்துவிட்டதாம், திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகுமாம், உயிரே போயிருக்கலாமாம். இப்போது அதே ஜாதி மருந்தை மாத்திரையாக, அளவாகக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். எத்த கண்டு பயந்து கொட்டினேனோ அத்தையே சீட்டு எழுதிக் குடுக்கறாங்களே என்று அம்மா கட்டிலில் படுத்துக்கொண்டே சிரித்தாள். புத்தாண்டுக்கு நீ கூப்பிட்டபோது காய்ச்சல் என்று நாங்கள் சொன்னது இதைத்தான், மன்னித்துவிடு.

அந்தச் சிரிப்பைப் பார்த்த தைரியத்தில் பன்னிரண்டு நாளையும் அங்கேயே சொன்னேன். கேரல் முடியட்டும் என்று நினைத்தேன், உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. என் முட்டி, என் ஒடம்பு, நடக்கணுமா ஒக்காரணுமான்னு நான்தான்யா சொல்லணும், நீ யாரு எனுக்காக முடிவு பண்ண, நீ பார்த்து ரசிக்கத்தான் நான் நடந்தனா என்று கேட்டாள். சத்தமாகக் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலுக்குக் கூடக் கேட்டிருக்காது.  வீட்டுக்கு வந்தும் ஒரு வாரம் சாப்பாடும் தண்ணீரும் என் முன்னால் வைத்துவிட்டு, அவள் அடுக்களையில் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பிறகு ஒருநாள் தானாகவே வெள்ளானூர் போகணும் என்றாள். அந்த மதுரைவீரனை நாலு பேர் நடுவில் கேள்வி கேட்க வேண்டும் என்று ஆட்டோவில் வழியெல்லாம் பேசிப் பழகிக்கொண்டே வந்தாள். புது மனைகளுக்கு நடுவில் இன்னும் ஓடு மாறாத சின்ன வீடு. கதவைத் திறந்த மதுரைவீரனின் முகம் பூசணிக்காய் மாதிரி உருண்டையாக இருந்தது, கையெல்லாம் நீலத் திட்டு. அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேசி வைத்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. நீயும் இத்தத்தான் துன்றியா என்று கேட்டாள். ரெண்டு வருஷமா துன்றேன்மா, இல்லாங்காட்டி இடுப்பு நிக்காது என்றார் அவர். பைக்கில் மாதம் ஒருவன் வந்து மூலப்பொடி கொடுத்துவிட்டுப் போகிறான், இவர் அதில் சுக்கும் மிளகும் சேர்த்துப் பொட்டலம் கட்டுகிறார், உள்ளே என்ன என்று அவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ள நினைத்ததும் இல்லை, அது அவர் தப்புதான். அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோ பாரு, விக்கறத இன்னியோட நிறுத்து, ஆனா துன்றத நிறுத்திடாதே, ஒரே நாள்ல நிறுத்தினா என்னாட்டம் வுழுந்துடுவ, நாளைக்கே டாக்டராண்ட போய் இத்த காட்டு என்றாள். அதையே வாங்கினவர்களுக்கும் சொல்லச் சொன்னாள். அவர் போனில் முப்பத்தெட்டு பேர் நம்பர் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடவைத்தாள், அவர் சுற்றி வளைத்தபோது இவளே வாங்கிப் பேசினாள். மூலப்பொடிப் பையைச் சித்ரா மேடத்திடம் கொடுத்தேன், அவர் பெரிய மெஷினிலும் பார்க்கச் செய்து மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார், இன்னும் பதில் இல்லை.

அம்மாவின் மாத்திரை இப்போது பாதியாகிவிட்டது, முகம் பழையபடி ஒடுங்கி வருகிறது, வலியும் திரும்பி வந்துவிட்டது. டாக்டர் சொன்ன பயிற்சியைக் காலையில் கட்டில் ஓரம் உட்கார்ந்து செய்கிறாள். இன்று கோயிலுக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள், இருபது நிமிடம் ஆனது, நடுவில் இரண்டு இடத்தில் நின்றோம். ஒரு நாள் லேபுக்கு வந்து அந்தப் பெட்டிக்குள் பார்க்கவேண்டும் என்று கேட்டிருக்கிறாள், கூட்டிப்போகிறேன்.

ஆண்டவர் உனக்கு நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் தரட்டும், மாதா உன் கூடவே இருக்கட்டும். தூக்கத்துக்கு என்று ஏதோ மூலிகை மாத்திரை ஆன்லைனில் வாங்கிச் சாப்பிடுவதாகச் சொன்னாயே, அதை அங்கே டாக்டரிடம் காட்டிவிடு, மறக்காதே, என்ன சொன்னார் என்று எங்களுக்கும் சொல். இதுவரை எழுதிவிட்டு நிமிர்ந்தால் அம்மா பின்னால் வந்து நிற்கிறாள், கண்ணாடி இல்லாமல் அவளால் படிக்கமுடியாது. பன்னண்டு நாள எழுதினியா என்று கேட்கிறாள். எழுதிட்டேன் என்றேன். முழுசா எழுதினியா என்கிறாள். முழுசா எழுதினேன் என்றேன். அப்ப கையெழுத்துப் போடு என்கிறாள்.

இப்படிக்கு,
உன் நைனா
ராயப்பன்