காணாமல் போன நீராவி

கள்ளக்குறிச்சி

அன்பு மகள் முஹ்சினாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அத்தாவும் அல்லாஹ்வின் கிருபையில் சுகம். உன் சுகத்தைக் கேட்கலாமென்றால் நீதான் போனை எடுப்பதில்லையே. ஜெர்மனியில் போனை அணைத்து வைக்கலாம், தபால்காரரை அணைக்க முடியாதல்லவா, அதனால் கடுதாசி எழுதுகிறேன். "நான் சொன்னது தப்பாயிடுச்சும்மா, ஊர்ல எப்படி மூஞ்சி காட்டுவேன், வேலையை வுட்டுடறேன்" என்று விவரமெல்லாம் எழுதி ஒரு நீளச் செய்தி அனுப்பிவிட்டு இப்படி ஒளிந்துகொண்டால் என்ன அர்த்தம்? கணக்கில் மார்க் குறைந்த அன்றும் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவள்தானே நீ. இப்போது மூட்டை கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். எங்கோ ஒரு கிரகத்தின் காற்றில் நீ நீராவியைக் கண்டுபிடித்தாய் என்று பேப்பரில் வந்ததும், மோட்டார் பம்பு விற்கிற காஜா மைதீன் மகள் ஆகாயத்திலேயே தண்ணீர் பார்த்துவிட்டாள் என்று அத்தா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஜிலேபி கொடுத்தார். செய்தியை வெட்டிக் கல்லாவுக்கு மேலே ஒட்டினார். அப்படிப்பட்டவர் உன் செய்தியைப் பார்த்துக் கலங்கித்தான் போனார், மறைக்க மாட்டேன். தொழுகைக்குக்கூடக் கடைத்தெரு வழியாகப் போகாமல் பின்தெருவில் சுற்றிப் போனார். ஒளிகிற புத்தி உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்புறம் ஒருநாள் வெள்ளிமலைக் கண்ணாயிரம் மோட்டார் வாங்க வந்தார். மலையில் சாமை விதைக்கிறவர், பேச ஆரம்பித்தால் கேள்விதான். நான் கடைக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். "இன்னா பாய், பொண்ணு கண்டுபுடிச்ச தண்ணி எப்படிக்கீது?" என்று அவர் கேட்டார். அத்தா வேறு வழியில்லாமல், கிரகம் அதன் நட்சத்திரத்துக்கு முன்னால் போகும்போது அந்த வெளிச்சம் கிரகத்தின் காற்றுக்குள் புகுந்து வருமாம், விண்வெளியில் இருக்கும் தொலைநோக்கி அதைப் பிடித்துக் கொடுக்க நம் பெண் பிரித்துப் பார்ப்பாளாம், நீராவி என்று தெரிந்தது கடைசியில் கிரகத்தினுடையது இல்லையாம், நட்சத்திரத்தின் மேலிருக்கும் சூடு குறைந்த புள்ளிகளில் உள்ள நீராவியாம் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். யார் வந்து தப்பென்று சொன்னார்கள் என்று கண்ணாயிரம் விடாமல் கேட்டார். "யாரும் சொல்லலைங்க, அவளே மறுபடி பாத்துட்டு அவளே சொல்லிட்டா" என்ற அத்தா, தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல் நின்றுவிட்டார். "அப்போ தண்ணி இருக்குது பாய், வூடுதான் மாறிப்போச்சு" என்றார் கண்ணாயிரம். அத்தா சிரித்த சிரிப்பில் புரையேறி, நான் முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று.

கல்லாவுக்கு மேலே ஒட்டிய பேப்பர் செய்தியைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன். அவர் சம்மதிக்கவில்லை. அதற்குக் கீழே தன் கோணல் எழுத்தில் ஒரு தாள் எழுதி ஒட்டினார்: 'மேலே உள்ளது தவறு. அதைக் கண்டுபிடித்ததும் என் மகள்தான்.' இப்போது பைப்பு விலையைக் கேட்கும் முன் எல்லாரும் அதைப் படிக்கிறார்கள். ஆகவே ஒளிவதற்கு இந்த ஊர் தோதுப்படாது. பெருநாளுக்கு லீவு போட்டு வந்தால் பிரியாணி, வேலையை விட்டுவிட்டு வந்தால் கடையில் பைப்பு அளக்க வேண்டும், யோசித்துக்கொள். உங்கள் விஞ்ஞானிப் பெரியவர்கள் கூட்டத்தில் நின்று இந்தத் தப்பை நீயே சொல்ல வேண்டுமென்று எழுதியிருந்தாய். போய்ச் சொல்லு ராஜாத்தி. குரல் நடுங்கினால் நடுங்கட்டும், வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு மட்டும் போகாதே.

அல்லாஹ் உன் கண்ணுக்கும் மனசுக்கும் தெளிவைக் கொடுக்கட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அத்தா கூப்பிடுவார், எடு. ரொம்ப நேரம் மழையைப் பற்றியே பேசுவார். நீயும் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிரு, சொல்ல வந்ததை அவர் தானே சொல்கிறவரைக்கும்.

உன் அம்மா,
ரஜியா