ஐஸ் ரூமில் ஒரு பரீட்சை

டிசம்பர் 4, வியாழன். பொந்தியான், மலேசியா.

மகள் கவிதாவுக்கு ஜப்பானில் மூன்று வாரக் குளிர்காலப் படிப்பு கிடைத்திருக்கிறது. வருகிறேன் என்று இன்று ஐந்து மணிக்குள் பதில் அனுப்பியாக வேண்டும். அவள் அம்மாதான் மசியவில்லை. "ஏர்கான் போட்டாலே தும்முறவ, பனியில என்னாவா?" என்று காலையிலிருந்து ஒரே பாட்டு.

மதியம் கவிதா அம்மாவையும் இழுத்துக்கொண்டு என் மீன் கடைக்கே வந்துவிட்டாள். "அப்பா, ஜப்பானை விட உங்க ஐஸ் ரூம்தான் குளிரு லா. அரை மணி நேரம் உள்ள நிக்கிறேன். அம்மா பார்க்கட்டும்."

சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் நான் எதையும் வாங்கியதில்லை. அதனால் சரி என்றேன். புதுக் குளிர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

மனைவி கதவுக்கு வெளியே பத்து நிமிடம்தான் பொறுத்தாள். பிறகு என் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மகளை இழுத்து வரப் போனாள். போனவளும் திரும்பவில்லை. எட்டிப் பார்த்தால் இருவரும் கணவாய்ப் பெட்டிமேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அரை மணி நேரம் முடிந்துதான் வந்தார்கள். "குளிரைத் தாங்கிடலாங்க, இவ வாயைத்தான் தாங்க முடியல. மூணு வாரம் ஜப்பான்காரன் பாடு. போய்ட்டு வரட்டும்," என்றாள் மனைவி.

பதில் அனுப்பக் கவிதா அப்போதே கைப்பேசியை எடுத்தாள். விரல் விறைத்துப்போனதில் திரை அசையவில்லை. "அப்பா, நீங்க அமுக்குங்க."

மீன் ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அமுக்கினேன். ஒரு தடவை போதும் என்றாள். நான் இரண்டு தடவை அமுக்கினேன்.