மழைக்கோலத்திலேயே நின்றுவிட்ட உன் வண்டி

என் கோமுக்கண்ணே,

இன்று காலை எழுந்ததும் பால்கூட வாங்கப் போகவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய் உன் வண்டியின் பானட்டைத் தூக்கினேன். எஞ்சின் குளிர்ந்து கிடந்தது. ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் அசையாமல் நின்றது. அதன் இறக்கைகளை எண்ணினேன். எண்ணுவதற்கு என்ன இருக்கிறது, இரண்டே இரண்டுதான். ஆனாலும் மறுபடி எண்ணினேன்.

எதற்கு என்று கேட்பாய். பங்குனி வெயில் ஏறியதிலிருந்து உன் வண்டி கொதிக்கிறதடி. குளிர்காலம் முழுக்க ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடிய வண்டி. புரட்டாசியில் நீ போன பிறகு புதன்கிழமைதோறும் உன் அப்பாவை, எங்கள் மாமாவை, ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். கால் புண்ணுக்குக் கட்டு மாற்றியாக வேண்டும். அவரால் பஸ் ஏற முடியாது. நம்ம பெஹாலா பக்கம் என்றாலே டாக்ஸிக்காரன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இந்த வண்டி இல்லாவிட்டால் மாமாவுக்குக் கல்கத்தாவே இல்லை.

உன் தம்பி ரகு பம்பாயிலிருந்து வந்திருக்கிறான். வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, சனிக்கிழமை ரயிலில் மாமாவைத் தன்னோடு கூட்டிப் போவதாக ஏற்பாடு. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காவைப் பறிகொடுத்தவன், அப்பாவையாவது கண்ணெதிரே வைத்துக்கொள்ளப் பார்க்கிறான்.

மாமா அவனிடம் எதுவும் சொல்வதில்லை. என்னிடம் மட்டும் ஒரு நாள் சொன்னார். "அந்தேரியில நான் யார்ட்டம்மா மீன் வெல கேக்க?" சுத்த சைவம் என்று பேர், நாற்பது வருஷமாகத் தினமும் கடைத்தெருவில் நின்று வங்காள மொழியில் மீனுக்குப் பேரம் பேசிவிட்டுக் கத்தரிக்காயோடு வீடு திரும்புகிற மனிதர். மீன்காரர்களும் சலிக்காமல் விலை சொல்லத்தான் செய்கிறார்கள்.

வண்டிக்கு வருகிறேன். உன் கைவேலையைத்தான் எல்லோரும் குற்றம் சொன்னார்கள். கல்லூரி லாபரட்டரியில் பெண்களுக்குப் பௌதிகம் காட்டிவிட்டு வந்து, அதே கையோடு வேனின் பெரிய எஞ்சினை இந்தச் சின்ன வண்டிக்குள் இறக்கியவள் நீ. புகைக்குழாயை மழைத்தண்ணீருக்கு எட்டாதபடி பின்னால் தூக்கி நிறுத்தியவள். பக்கத்துத் தெரு மெக்கானிக் பிஷுதா ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார், பம்ப்பைப் பார்த்தார், பெல்ட்டை மாற்றினார். ஃபேன் சுற்றுகிறதா என்று கையை நீட்டிக் காற்றையும் பார்த்தார். சுற்றியது. ஓடும்போது வெறும் வட்டம்; நின்றபோது கண்ணில் பட்டிருந்தாலும் இரண்டுதான் உன் கணக்கு என்று விட்டிருப்பார். கடைசியில், "தீதி, இது உங்கள் சிநேகிதி கட்டின வண்டி. அவரைத்தான் கேட்க வேண்டும்" என்றார். கேட்க முடிந்தால் கேட்டிருக்க மாட்டேனா?

நேற்று புதன்கிழமை. ரகுவும் வந்தான். போகும்போது மைதானத்து ஓரம் வண்டி நன்றாக ஓடியது. நீ பொருத்திய சூடு காட்டும் முள் இறங்கிக்கொண்டே வந்தது. "பாத்தியாடே!" என்று மாமா ரகுவின் பக்கம் திரும்பினார். கட்டு மாற்றிவிட்டு, லேக் மார்க்கெட்டில் வாழைக்காய் வாங்க வேண்டும் என்று அவர் சொன்னதால் காளிகாட் பக்கம் திரும்பினேன். அங்கே மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஒரு ட்ராம், அதன் பின்னால் நாங்கள், எங்கள் பின்னால் உலகம். நின்ற இடத்திலேயே முள் சிவப்புக்குப் போய், பானட் இடுக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

ட்ராம் ஜன்னலிலிருந்து ஒருவன் கத்தினான்: "ஓ தீதி, சா ஹொபே?" டீ கிடைக்குமா என்கிறான்! மாமா தலையை வெளியே நீட்டி, பால் கிடையாது, லால் சாதான் என்று வங்காள மொழியிலேயே பதில் கொடுத்தார். ட்ராம் முழுக்கச் சிரித்தது. ரகு சிரிக்கவில்லை.

"சின்ன உடம்புல பெரிய எஞ்சின வச்சா கொதிக்காம என்ன செய்யும்? அவளுக்கு எதையாவது நோண்டிக்கிட்டே இருக்கணும்."

"அவ நோண்டுன வண்டியிலதான் ஒன்ன ஹௌராவுல இருந்து கூட்டியாந்தோம்."

"இப்ப யாருப்பா தள்ளப் போறது? நீங்களா? ஜானகிக்காவா?"

இரண்டு பையன்கள் தள்ளினார்கள். உன்னை அவன் அப்படிச் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. எதையும் அரைகுறையாக விட்டுப் போகிறவளா நீ?

சாயங்காலம் வழக்கம்போல் கரண்ட் போயிற்று. மாமா பனைவிசிறியோடு நடையில் உட்கார்ந்திருந்தார். தன் ரயில்வே ஆபீஸ் நாட்களைப் பேசிக்கொண்டிருந்தவர், "ட்ராம் ஓடுத வரைக்கும் சன்னல் காத்தே போதும்மா. நின்னுட்டாத்தான் விசிறி வேணும்" என்றார். எனக்குப் பொறி தட்டியது. மைதானத்தில் ஓடும்போது எதிர்க்காற்றே எஞ்சினை ஆற்றிவிடுகிறது. நின்றால்தான் கொதிக்கிறது. நிற்கிறபோது வீச வேண்டியது யார்? ஃபேன்தானே?

அதனால்தான் விடிந்ததும் டார்ச்சோடு போனேன். இரண்டு இறக்கை. குறுக்கே இன்னும் இரண்டு பொருத்துவதற்கான துளைகள் காலியாக இருந்தன.

நேரே மாமாவிடம் போனேன். "மாமா, ஃபேனுக்கு எத்தனை இறக்கை?"

"நாலு இருக்கும்லா."

"ரெண்டுதான் இருக்கு."

"அது மழைக்குல்லா." டம்ளரைக் கீழே வைத்தார். "நம்ம தெருவுல தண்ணி நிக்கும்போது ஃபேன் வாரி வாரி எஞ்சின் மேல அடிச்சிரும், வண்டி நின்னுபோவும்னு ஆனி கடேசியில ரெண்டக் கழத்திருவா. சரஸ்வதி பூசைக்கு..." பூஜை அலமாரிப் பக்கம் திரும்பினார்.

மீதி எனக்கே தெரியும்; பூஜையில் வருஷாவருஷம் பார்த்த இரண்டு தகடுகள் எதற்கு என்று நான் கேட்டதில்லை, அவ்வளவுதான். கழற்றிய இரண்டு இறக்கையையும் பூஜை அலமாரியில் வைத்திருப்பாய். சரஸ்வதி பூஜையன்று பொட்டு வைத்துப் படைத்து, மறுநாள் மாட்டுவாய். வண்டியின் மழைக்கோலம் அன்றோடு முடியும். இந்தத் தடவை பூஜைக்கு முன்னாலேயே ஒரு வாரக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை ஏது? நவராத்திரி இல்லை, பூஜை இல்லை. அலமாரியை யாரும் திறக்கவே இல்லை. உனக்காக நாங்கள் காத்த துக்கம்தானடி உன் வண்டியைக் கொதிக்க வைத்திருக்கிறது!

ரகுதான் அலமாரியைத் திறந்தான். உன் அப்பாவின் பழைய வேட்டித் துணியில் சுற்றி, மரையாணிகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, ஒழுங்காக வைத்திருந்தாய். இறக்கையில் முந்தின பூஜையின் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது, குங்குமமும். பிஷுதா வந்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கப் போனார். ரகு அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தொடைக்காதீங்க. அப்படியே மாட்டுங்க."

தமிழில்தான் சொன்னான். பிஷுதாவுக்குப் புரிந்துவிட்டது.

பிறகு வேண்டுமென்றே, கூட்டமான நேரம் பார்த்து, அதே காளிகாட் பள்ளத்துக்கு ஓட்டிப்போய் ட்ராமுக்குப் பின்னால் நின்றேன். மூன்று பேரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் போய் நின்றது. அதற்குமேல் ஏறவில்லை. இன்னொரு ட்ராம் குறுக்கே வந்து நின்றது. அப்போதும் ஏறவில்லை.

"இன்னிக்கி டீ கெடையாது" என்றார் மாமா. ரகு சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் என்னைத் தனியாக அழைத்தான். "அவ வேலை மேல தப்பில்லக்கா. நான்தான் அவசரப்பட்டுப் பேசிட்டேன். ஆனா ராத்திரி அப்பா தனியா விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்? அதுக்கு எந்த ஃபேன மாட்டறது?"

நியாயமான கேள்வி. வண்டி சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று காலையிலிருந்து நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் பதில் என்னிடம் இருக்கிறது, கோமு. என் வீட்டுக்காரருக்குக்கூட இன்னும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில். உன் வீட்டு வாசலுக்கு எதிரே என் வாசல். நடுவில் படிக்கட்டுகூட இல்லை. என் பெண் உமா ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து அவள் அறை சும்மா கிடக்கிறது. மாமா ராத்திரி இருமினாலும் எங்களுக்குக் கேட்கிற தூரம்தான். நாளைக் காலை காபி கொடுக்கும்போது மாமாவிடம் கேட்கப் போகிறேன். அவர் சரி என்றால், சனிக்கிழமை ரயிலில் ரகு மட்டும்தான் போவான். வண்டி விற்பனைக்கு இல்லை.

ஆனி கடைசியில் இரண்டு இறக்கையை நானே கழற்றி, அதே வேட்டித் துணியில் சுற்றி வைப்பேன். அதற்குள் உன் வருஷமும் நெருங்கிவிடும். அது கழிந்த கையோடு வருகிற சரஸ்வதி பூஜைக்கு உன் அலமாரி திறந்திருக்கும். பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைத்து, மறுநாள் மாட்டிவிடுவேன். ஒரு மரையாணியைக்கூடத் தொலைக்க மாட்டேன்.

இத்தனை நாள் உன் சிநேகிதியாக இருந்தவள்,
இனி உன் கூடப்பிறந்தவள்,
ஜானு