கதவு சாத்திய கீரந்தையின் தலை குறித்து வெண்குன்றத்துக்கு விடுத்த ஓலை

மங்கலம் பெருகுக. மாரி தவறாத மருதங்காவல் நாட்டை ஒரு குடைக்கீழ் ஆள்பவரும், பகைவர் மார்பில் வேலையும் பாணர் மடியில் பொன்னையும் குறி தவறாமல் எறிபவருமான திருவளர் குவளைத்தேவரின் திருவாய்மொழிப்படி, அவர்தம் தலைமை அமைச்சன் நாவற்கிழான் சாத்தன், தேனொழுகும் மலைக்கும் தினை விளையும் சரிவுக்கும் தனிப்பெருந் தலைவராகிய வெண்குன்ற வேந்தர் முல்லையரையர் திருமுன்பு விடுக்கும் ஓலை. தங்கள் கொடி உயர்க, களிறுகள் கொழுக்க, சுனைகள் வற்றாதிருக்க. மாரி தவறாத நாடு என்று மேலே எழுதியது பழைய வழக்கம் பற்றியே அன்றி, நடந்ததைக் குத்திக் காட்டுவதற்கன்று.

எங்கள் இளவரசி நீலங்கோதையாரைத் தங்கள் மைந்தருக்குப் பேசி முடிக்கத் தாங்கள் எழுந்தருளினீர்கள். பட்டும் பவளமும் பழத்தட்டும், அவற்றுக்கெல்லாம் முன்னே மலையாட்டு மந்தை ஒன்றும் சீர்வரிசையாக வந்தன. கோட்டை வாயிலோ முகத்தில் அறைந்தாற்போல் சாத்தப்பட்டது. தாங்கள் கொட்டும் மழையில் நின்றும் அது திறக்கப்படவில்லை. சாத்திய வாயிற்காவல் அதிகாரி கீரந்தையின் தலையை அனுப்புக, தவறினால் படை வரும் என்று தாங்கள் விடுத்த ஓலை எங்களுக்குக் கிடைத்தது. தலை இதோ வந்துகொண்டிருக்கிறது. இவ்வோலையைத் தாங்கி வருபவனே கீரந்தை. ஆனால் அந்தத் தலை இன்னும் உடலோடு ஒட்டியே வருகிறது. ஏன் என்று சொல்லவே இத்தனை ஏடுகள்.

கீரந்தை கெட்டவன் அல்லன். கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன். வந்த கேடே அதில்தான். எங்கள் பெருங்கல்லூரியில் அவனைப்போல் எழுதியவர் எவரும் இலர். ஆசான் வாய் திறந்தால் அவன் எழுத்தாணி ஓடும். வாய் மூடினாலும் ஓடும். 'ஆசான் இருமினார்' என்று ஓரிடத்தில் இருக்கிறது. 'மறுபடியும் இருமினார்' என்று அடுத்த ஏட்டில் இருக்கிறது. எழுத்தாணி ஓடிய வேகத்தில் மனம் ஒருநாளும் ஓடியதில்லை. அதற்கு வேலையே வைக்கவில்லை அவன்.

முதன்மையான வரியின்மேல் மஞ்சள் தடவி வைப்பது எங்கள் மாணவர் வழக்கம். எது முதன்மை என்று அறியாதவன் எல்லாவற்றின்மேலும் தடவுவான் அல்லவா? கீரந்தையின் சுவடி மஞ்சள் வணிகரின் மேல்துண்டு போலிருந்தது. அவன் பயின்ற ஆண்டுகளில் தலைநகரத்துக் குழம்பெல்லாம் வெளுத்துப்போயின என்று மடைப்பள்ளியார் முறையிட்டது பொய்யன்று.

ஒருநாள் ஆசான் எயினனார் கோட்டைக் காவல் நூலை விளக்கிக்கொண்டிருந்தார். பகைவரின் முன்னணி கண்ணுக்குத் தெரிந்ததும் வாயிற்காவலன் செய்யத்தக்கது என்ன என்ற இடம். அப்போது வெயிலில் உலர வைத்திருந்த ஓலைகளைத் தின்ன ஓர் ஆடு நுழைந்தது. ஆசான் துள்ளி எழுந்து கத்தினார். கீரந்தை அதையும் எழுதிக்கொண்டான். அவன் ஏட்டில் உள்ளவாறே தருகிறோம்: 'பகைவரின் முன்னணியைக் கண்டதும் காவலன், ஐயையோ, ஆடு வருதுடா! கதவைச் சாத்து! எவன் சொன்னாலும் திறக்காதே!' ஆசான் அவ்வாண்டு முழுவதும் உரக்கச் சொன்னது அது ஒன்றே ஆகையால், கீரந்தை அதன்மேல் மஞ்சளை இருமுறை பூசினான்.

பிறகு தேர்வில் ஒப்பித்தான், முதல்வனாகத் தேறினான், கோட்டை வாயில் அவன் கைக்கு வந்தது.

தாங்கள் எழுந்தருளிய நாளில் அவன் மதில்மேல் நின்றான். மழைத்திரைக்குப் பின்னே கொம்புகள் தெரிந்தன. ஆடு! அவன் நெஞ்சு குதித்தது. இத்தனை காலம் படித்தது வீண்போகவில்லை, நாட்டைக் காக்கும் வேளை தனக்கே வாய்த்தது என்று கண்ணீர் மல்கக் கதவைச் சாத்தினான். உள்ளிருந்து தளபதி திற என்றார். இளவரசி திற என்றார். குவளைத்தேவரே குடையை எறிந்துவிட்டு ஓடிவந்து திற என்று ஆணையிட்டார். எவன் சொன்னாலும் என்பதில் எம்மன்னரும் அடக்கம் என்று கண்ட கீரந்தை, தாழ்ப்பாளின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். தங்கள் தேர் திரும்பிய ஓசை கேட்ட பின்பே இறங்கினான். இறங்கிப் பரிசும் கேட்டான்.

அவையில் விசாரணை நடந்தது. கோட்டைக்கும் ஆட்டுக்கும் என்ன உறவு என்று ஒருநாளேனும் யோசித்தாயா என வினவப்பட்டது. வினவும் வழக்கம் கல்லூரியில் இல்லை என்று அவன் விடை பகர்ந்தான். அது உண்மை. அவனைப் பார்த்துப் படியெடுத்த இளையோர் பலர். அவருள் ஒருவர், ஆடு என்பது பணிவு காட்டி வரும் பகை, கதவு என்பது ஐம்புலன் என்று உரையே வகுத்திருந்தார். அவ்வுரையை ஆசான் எயினனாரிடம் காட்டினோம். அவர் கண்கலங்கி, ஆழ்ந்த கருத்து, இதை அருளிய முன்னோர் யாவரோ என்றார். அதற்குமேல் விசாரிக்க அவைக்குத் தெம்பில்லை.

தலை கொய்யும் நாள் குறிக்கப்பட்டுக் கீரந்தை சிறையிருந்தான். அங்கே வந்தவர் இளவரசி நீலங்கோதையார். தங்கள் மைந்தர்மேல் அவர் கொண்ட அன்பு ஊரறிந்தது. திட்டவே வந்தார், வயிறாரத் திட்டவும் செய்தார். கீரந்தை அவற்றையும் எழுதிக்கொண்டிருக்கக் கண்டு எழுத்தாணியைப் பிடுங்கி எறிந்தார். அவர் சொன்னதைச் சிறைக்காவலர் அப்படியே சொல்லக் கேட்டோம்: "எழுதினது போதும்! அந்தக் காவல் நூலுல என்ன இருக்கு? உன் வாயால சொல்லு பார்ப்போம்!"

அவன் நூல் முழுவதையும் மனத்தில் தேடினான். ஆசானின் இருமல்தான் நினைவுக்கு வந்தது. அன்று முதன்முதலாக அவனுக்கு அச்சம் பிறந்தது. தலை போவதற்கன்று, அதற்குள் ஒன்றுமே இல்லாமல் போகிறதே என்று. நூலைத் தருவித்தான். ஓர் ஏட்டைப் படிப்பதற்கு முன், இது எதைச் சொல்லப் போகிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டான். படித்ததும் மூடிவைத்துத் தன் சொல்லில் சுவருக்குச் சொன்னான். திக்கிய இடத்தை மீண்டும் திறந்தான். எழுதக் கை அரித்தபோதெல்லாம் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான். கடைசி ஏட்டை மூடியதும் சிறை அதிரக் கூவினான்: பகைவன் வந்தால் செய்வதற்கு நூறு வழி உண்டு, நண்பன் வந்தால் எப்படித் திறப்பது என்று நூலில் ஒரு வரிகூட இல்லையே! எங்கள் நாட்டில் இதுவரை எவரும் காணாத குறை அது. மன்னர் தலை கொய்யும் நாளைத் தள்ளி வைத்தார்.

ஆகவே குவளைத்தேவர் கல்லூரிக்கு இட்ட ஆணையாவது: மாணவர் ஏட்டில் ஓரம் விட்டு எழுதுக, அவ்வோரத்தில் ஏன் என்றும் எப்படி என்றும் கேட்டு எழுதுக. காதில் விழுந்ததை அப்படியே எழுதுவோர் கிளிக்கூண்டைக் கழுவுக. மஞ்சள் ஏடொன்றுக்கு ஒரு சிட்டிகைக்கு மேற்படின் மடைப்பள்ளிக்கு ஈடு கட்டுக. ஆசான்மார் இருமும் முன் கையுயர்த்துக.

இனித் தலை. இவ்வோலையைப் படித்து, அதன் ஓரத்தில் தன் குறிப்பை எழுதி வருமாறு கீரந்தையைப் பணித்தோம். எம் வரிகளில் ஒன்றையேனும் அவன் படியெடுத்திருக்கக் கண்டால், தலை தங்களுடையது. புரிந்து எழுதியிருந்தால், அவனையும் மணநாள் குறித்த செய்தியையும் சேர்த்துத் திருப்பி அனுப்புக. அக்குறிப்பை யாம் படிக்கவில்லை. படித்தால் திருத்தத் தோன்றும்.

மன்னர் கேட்க, அமைச்சன் சொல்ல, ஓலைநாயகம் எழுதியது. குவளை முத்திரை இடப்பட்டது. இதன்படி நடக்க, நாடுகள் இரண்டும் தழைக்க.

*ஓரத்தில், வேறு கையெழுத்தில்:*

சுருக்கம்: என்னவென்று தெரியாமல் எழுதினேன். என்னவென்று தெரியாமல் கதவை அடைத்தேன்.

கேள்வி: இவ்வளவு பெரிய ஓலையில் மன்னிப்பு எங்கே இருக்கிறது? முதலிலிருந்து இன்னொரு தடவையும் பார்த்துவிட்டேன், இல்லை. நனைந்தவர் இப்போது எப்படி இருக்கிறார் என்றும் யாரும் கேட்கவில்லை.

நான் கேட்கிறேன், ஐயா. மன்னித்துவிடுங்கள். காய்ச்சல் ஏதும் வரவில்லையே?