காற்று இன்றைக்கே வரும்

இன்று சனிக்கிழமை. மத்தியானம் வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனேன். ஐப்பசி வெயில். தெகிவளைப் பக்கமாக இரண்டு பாய்ப்படகுகள் காற்றில்லாமல் நின்றுகொண்டிருந்தன. திடீரென்று முதுகுப் பக்கமிருந்து, ஈரமண் மணத்தோடு ஒரு குளிர்காற்று வந்து கழுத்தில் பட்டது. படகுகள் கரைக்குத் திரும்பத் தொடங்கின. எனக்கு உம்முடைய குரல் கேட்டது.

வானொலியில் ஒன்பது வருடம் ஒன்றாக வேலை செய்தோம். வானிலை அறிக்கையைத் தமிழாக்குவது நான், வாசிப்பது நீர். கொட்டாஞ்சேனையில் பிறந்து, முகத்துவாரத்து மீன்பிடிப் படகுகளோடு வளர்ந்த உமக்கு என் தமிழ் ஒருநாளும் போதாது. "'தற்காலிகமாகப் பலத்த காற்று' எண்டா எங்கட சித்தப்பாவுக்கு என்ன விளங்கும்? போட் கவிழுமா, கவிழாதா? அதைச் சொல்லும்" என்று தாளை என் மேசையில் திருப்பி வைப்பீர். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் திருத்துவேன். கச்சான் காற்று ஓய்ந்து வாடைக்காற்று தொடங்காத இந்த மாதங்களில்தான் நமக்குச் சண்டை அதிகம். காலையில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். பின்னேரம் இடியோடு தரைக்காற்று பாய்ந்து வரும். கடலுக்குப் போகிறவனை ஏமாற்றுகிற பருவம் என்பீர்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் நான் அந்தப் பிழையை விட்டேன். வார இறுதி அறிக்கையில் வானிலைக்காரர் இரண்டு நாட்களுக்கும் சேர்த்து எழுதியிருந்தார்கள். நான் நாட்களை மாற்றிப் போட்டுவிட்டேன்: இன்று அமைதி, நாளை பிற்பகல் கடுங்காற்று. காலை ஆறு மணிக்கு நீர் அதை வாசித்தீர். பதினொன்றரைக்கு, மதிய அறிக்கையைத் தொடங்கும்போது மூலத்தாளை மறுபடி பார்த்தேன். கலையகத்துக்கு ஓடி வந்தேன்.

"நாள் மாறிப்போச்சு. காத்து நாளைக்கில்லை."

"இண்டைக்கா?"

"ஓம்."

நீர் பாட்டை நடுவில் நிறுத்தி ஒலிவாங்கியைத் திறந்தீர். "காலையில் நான் வானிலையைப் பிழையாக வாசித்துவிட்டேன். காற்று இன்றைக்கே வரும். கடலில் நிற்பவர்கள் உடனே கரைக்குத் திரும்புங்கள். போக இருப்பவர்கள் போக வேண்டாம்."

பிறகு முகத்துவாரத்தில் உம் சித்தப்பாவுக்குப் போன் எடுத்தீர். மூன்று படகுகள் காலை அறிக்கையைக் கேட்டு ஏழு மணிக்கே போய்விட்டனவாம். ஒன்றில் அவருடைய மகன். "போட்ல ரேடியோ வச்சிருக்கிறான். கேப்பான்" என்று என்னிடம் சொன்னீர். ஒவ்வொரு பாட்டு முடியவும் அதே வார்த்தைகளை மறுபடி சொன்னீர். நெற்றி வியர்த்திருந்தது. குரல் மட்டும் ஆடவில்லை.

இரண்டரைக்கு யன்னல்கள் அதிர்ந்தன. மூன்று மணி தாண்டிச் சித்தப்பா போன் எடுத்தார். "மூண்டு போட்டும் வந்திட்டுதாம். காத்து வர பத்து நிமிசம் முந்தி" என்றீர். அங்கேயே கதிரையில் இருந்து அழுதுவிட்டேன்.

திங்கட்கிழமை மேலாளர் நம்மைக் கூப்பிட்டார். நான் வாய் திறக்குமுன், "என்ட கண் பிழை, சேர். வரி மாறி வாசிச்சிட்டன்" என்றீர். ஒரு மாதம் உம்மைச் செய்தி வாசிக்க விடவில்லை. எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை, அப்பா படுக்கையில் இருந்தார். இரண்டும் உமக்குத் தெரியும். நான் பேசாமல் நின்றேன். பிறகு நன்றி சொல்ல வந்தபோதெல்லாம், "வாரும், தேத்தண்ணி குடிப்பம்" என்று கதையை மாற்றினீர்.

போன வருடம் உம்முடைய செத்தவீட்டில், உம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும். வீட்ட வந்து சொன்னவர். 'காத்து வந்த பிறகு, வானிலைக்காரர் பிழையாச் சொல்லிப்போட்டினம் எண்டு சொல்லி அவ தப்பியிருக்கலாம். ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. ஓடி வந்து சொன்னவ' எண்டு."

இத்தனை வருடமும் அந்த நாளைப் பிழை விட்ட நாளாகவே நினைத்திருந்தேன். நீர் என்னை ஓடி வந்தவளாக மனதில் வைத்திருந்திருக்கிறீர். போன மாதம் ஒரு செய்தியில் பெயரை மாற்றி எழுதிவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. எழுந்து மேலாளரின் அறைக்குப் போய், "என்ட பிழை" என்று நானே சொன்னேன்.