செசிலியின் நெற்றியில் ஒரு சிலுவை

சேசு மரி சூசை துணை

மருத்துவமனை வாசல்,
14-11-1957, வியாழன் மாலை

அண்ணன் அருளானந்தம் அவர்களுக்கு,

ஒன்பது ஆண்டுகளாக உங்களோடு பேசாத தம்பி இயேசுதாசன் எழுதுவது. நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அட்டெண்டன்டாக வேலை பார்க்கும் வார்டில், ஜன்னல் ஓரம் மூன்றாவது கட்டிலில் கிடக்கும் ஏழு வயதுப் பிள்ளை என் மகள் செசிலி. தொண்டை அடைப்பான். மூச்சு முட்டியதால் செவ்வாய்க்கிழமை தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

தொற்றுநோய் என்பதால் பெற்றவர்களை உள்ளே விடுவதில்லை. வராந்தாவில் நின்று கண்ணாடி வழியாகப் பார்க்கிறோம். நேற்று அப்படி நின்றபோது, முகமூடி கட்டிய ஒருவர் தள்ளுவண்டியோடு அவள் கட்டிலைத் தாண்டிப் போனார். அப்பாவின் நடை. நீங்கள்தான் என்று தெரிந்ததும் முதலில் எனக்கு வந்தது கோபம். என் பிள்ளையிடம் நான் போக முடியாத இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள்.

வீட்டுக்குப் போய் என் மனைவி ரோசம்மாவிடம் சொன்னேன். "உங்க ரோஷத்தக் கொண்டுபோய்த் தேக்கா சந்தையில வச்சா ஒரு கட்டுக் கீரகூடக் குடுக்க மாட்டான். அண்ணனுக்கு எழுதுங்க" என்றாள்.

எழுத உட்கார்ந்தால் பழையதெல்லாம் வருகிறது. அப்பா இறந்த அன்று நான் துறைமுக அலுவலகத்தில் இருந்தேன். நீங்கள் உடனே ஆள் அனுப்பியதாகச் சொன்னீர்கள். அந்த ஆள் அப்பாவின் மூச்சு நின்ற பிறகுதான் என்னிடம் வந்தான். அப்பா கடைசியாக உங்கள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார் என்று கோயிலில் எல்லோரும் பேசினார்கள். சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறியவன் நான், ஆறாம் வகுப்போடு நின்றவர் நீங்கள். என் தலைக்கு அந்தக் கை கிடைக்கவில்லை. நீங்கள் ஆறு மணிப் பூசைக்கு வருகிறீர்கள் என்பதற்காகவே நான் எட்டு மணிப் பூசைக்குப் போகிறேன். இன்றும் மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. இந்த நேரத்தில் பொய் எழுதினால் பிள்ளைக்கு ஆகாது என்று பயமாக இருக்கிறது.

ஜாலான் புசாரில் எங்கள் மாடி வீட்டில் மாலை ஜெபம் முடிந்ததும் செசிலி என் முன் முழங்காலிடுவாள். நெற்றியில் சிலுவை வரைந்து, "சர்வேசுரன் உன்னைக் காப்பாராக. நீ நல்ல பிள்ளை, எதற்கும் பயப்படாதே" என்பேன். "ஆமென்" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவாள். கீழே துணிக்கடை ஜமால் முகம்மது, "பாப்பா கடையடைக்கச் சொல்லிருச்சு, எடுத்து வைங்கடா" என்பார். நான்கு நாளாக அந்தச் சத்தம் இல்லை. இன்று கண்ணாடியின் மேல் விரலால் சிலுவை வரைந்து பார்த்தேன். அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரோசம்மாவிடம்கூடச் சொல்லாத பயம் ஒன்று இருக்கிறது. பெற்ற தகப்பன் ஆசீர்வதிக்காமல் போன ஆள் நான். ஏழு வருடமாக வெறுங்கையைத்தான் அவள் நெற்றியில் வைத்து வந்தேனோ?

அப்பா தொட்டது உங்களைத்தான். அதனால் கேட்கிறேன். இன்று வார்டுக்குள் நுழைந்ததும் அவள் தலையில் உங்கள் கையை வையுங்கள். நெற்றியில் சிலுவை போட்டு, மேலே எழுதிய அந்த ஆசீர்வாதத்தைச் சொல்லுங்கள். ஆமென் சொல்ல அவளுக்குக் குரல் இல்லை. கண்ணை மூடித் திறந்தால் போதும் என்று சொல்லுங்கள்.

தபாலில் போட எழுந்தவனை வாசல் காவலர் அப்துல் மஜீதுதான் நிறுத்தினார். "தபால்ல போட்டா சனிக்கெழமதான் வரும் லா சார். குடுங்க, அவரு கையிலயே குடுத்துடுறேன்" என்றார். டாக்டர் சொன்ன இரண்டு நாள் முடிவதும் அதே சனிக்கிழமைதான்; மிச்சத்தை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவளுக்கு ஒரு பெரியப்பா இருப்பதாக நான் சொன்னதே இல்லை. நீங்கள் யார் என்று கண்ணால் கேட்பாள். சொல்லுங்கள். என்னைப் பற்றியும் உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள். கையை மட்டும் சீக்கிரம் எடுத்துவிடாதீர்கள், அண்ணே.

கண்ணாடிக்கு வெளியே நிற்கும்,
உங்கள் தம்பி
இயேசுதாசன்